பதிலைச் சொல்லாமல் வழிநடத்துவது எப்படி? டீம் லீடர்களுக்கான முழுமையான கோச்சிங் வழிகாட்டி

"ஒரு நிமிஷம் இருக்கா?" என்று கேட்டபடி டீமில் ஒருவர் உங்கள் மேசைக்கு வருகிறார். அவர் சிக்கலைச் சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்கு விடை தெரிந்துவிடுகிறது. சொல்கிறீர்கள். நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். இருவருக்கும் திருப்தி. சாயங்காலத்துக்குள் இப்படிப் பத்துப் பேர் வந்துபோகிறார்கள். உங்கள் சொந்த வேலையை எல்லோரும் கிளம்பிய பிறகுதான் தொடங்க முடிகிறது. அடுத்த வாரம் அதே ஆள், கிட்டத்தட்ட அதே சிக்கலோடு மறுபடியும் வந்து நிற்கிறார்.

வேலை நன்றாகத் தெரிந்தவரைத்தான் பெரும்பாலும் லீடர் ஆக்குகிறார்கள். லீடரான பிறகு அவருக்கு வரும் பெரிய தொந்தரவே அந்த வேலை நன்றாகத் தெரிந்திருப்பதுதான். நாக்கு நுனியில் நிற்கும் விடையை விழுங்கப் பழகுவது கோச்சிங்கின் முதல் பாதி. விழுங்கிய பிறகு என்ன செய்வது என்பது மறுபாதி. முதல் பாதி சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். நான் இன்னமும் வாரம் ஒருமுறையாவது அதில் தோற்கிறேன்.

படிகளுக்குப் போகும் முன் அந்தச் சொல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஹங்கேரியில் 'கோச்' என்றொரு கிராமம். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப் பெயரே நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வில் கரையேற்றிவிடும் ஆசிரியரை அந்த வண்டிப் பெயரால் கிண்டலாக அழைத்தார்கள். அதாவது, சுமந்துகொண்டு போகிறவர். இன்று பணியிடத்தில் கோச்சிங் என்று சொல்வது இதற்கு நேர் எதிர்: இறக்கிவிட்டு நடக்க வைப்பது. இந்தத் திருப்பத்துக்கு விதை போட்டவர் டிமோத்தி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர். 1970களில் அவர் கவனித்தது இது: "மணிக்கட்டை இப்படித் திருப்பு, முட்டியை மடக்கு" என்று கட்டளைகளை அடுக்க அடுக்க ஆட்டம் கெடுகிறது, வரும் பந்தை மட்டும் உற்றுக் கவனிக்கச் சொன்னால், உடம்பு தானே கற்றுக்கொள்கிறது. இந்த எண்ணத்தை 1980களில் பிரிட்டனில் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர். இவர் 1965இல் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயப் பட்டத்தை வென்ற ஓட்டுநர்.

படி 1: இது கோச்சிங்குக்கான விஷயம்தானா என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் டீம் வெறுத்துவிடும். சர்வர் விழுந்து வாடிக்கையாளர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது "உங்களுக்கு என்னென்ன வழி தோணுது?" என்று கேட்பவர் கோச் அல்ல, இடைஞ்சல். அவசரம் என்றால் நேரடியாகச் சொல்லுங்கள். இதுவரை செய்தே இராத வேலை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அடிப்படை தெரியும், ஆனால் எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்றால்தான் கோச்சிங்.

இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ் இதை வேலைக்கு வேலை பிரித்துப் பார்க்கச் சொன்னார். ஒருவரிடம் பார்க்க வேண்டியது மொத்த அனுபவத்தை அல்ல, குறிப்பிட்ட அந்த வேலையில் அவருக்கு இருக்கும் பக்குவத்தை. பக்குவம் குறைவு என்றால் என்ன, எப்போது, எப்படி என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஓரளவு இருந்தால் இருவரும் பேசி முடிவெடுக்கலாம். நன்றாக இருந்தால் இலக்கை மட்டும் ஒப்புக்கொண்டு, தூரத்தில் இருந்து கவனித்தால் போதும்.

லீடர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பன்னிரண்டு வருட அனுபவசாலிக்கு முதல்முறையாக பட்ஜெட் போடும் வேலையைக் கொடுத்துவிட்டு, "அவர் சீனியர், பார்த்துக்குவார்" என்று விலகிவிடுகிறோம். பட்ஜெட்டில் அவர் முதல் நாள் ஆள். கேட்கவும் அவருக்குக் கூச்சம். ஆளுக்கு ஒரு பாணி என்று வைத்துக்கொள்ளாமல், ஆளும் வேலையும் சேர்ந்த ஜோடிக்கு ஒரு பாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் பெயர்களை இடப்பக்கமும் அவரவர் கையில் உள்ள முக்கியமான மூன்று வேலைகளை வலப்பக்கமும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக 'சொல்', 'கற்றுக்கொடு', 'கேள்', 'விடு' என்ற நான்கில் ஒன்றைப் போடுங்கள். அரை மணி நேர வேலை இது. ஒருவருக்கே மூன்று வேலைகளுக்கும் மூன்று வெவ்வேறு சொற்கள் விழுவது சகஜம்.

படி 2: நேரத்தை ஒதுக்குங்கள், அதை அவருடையதாக ஆக்குங்கள்

நடைபாதையில் நின்று பேசினால் ஆலோசனைதான் வரும்; யோசனை வராது. தனியாக உட்கார்ந்து பேசும் ஒன்-ஆன்-ஒன் சந்திப்பு வேண்டும். குரோவ் இந்தச் சந்திப்பைக் கீழே பணிபுரிபவரின் சந்திப்பாகவே பார்த்தார். என்ன பேசுவது என்ற பட்டியலை அவர்தான் கொண்டுவர வேண்டும். குரோவ் போட்ட கணக்கும் உண்டு: லீடர் செலவழிக்கும் 90 நிமிடம், அந்த நபரின் அடுத்த இரண்டு வார வேலையை, அதாவது 80 மணி நேரத்துக்கும் மேற்பட்ட உழைப்பை, மேம்படுத்தக்கூடும்.

ஒவ்வொருவருக்கும் 90 நிமிடம் ஒதுக்க உங்களால் முடியாமல் போகலாம். புதியவர் என்றால் வாரம் அரை மணி, பழகியவர் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி என்று தொடங்கலாம். நீளத்தைவிடத் தவறாமல் நடப்பது முக்கியம். நீங்கள் முதலில் ரத்து செய்யும் மீட்டிங் எது என்பதை டீம் கவனித்துக்கொண்டே இருக்கிறது. தள்ளிப்போட வேண்டி வந்தால், ரத்து செய்யும்போதே புது நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

இதில் வேலை ஸ்டேட்டஸ் கேட்காதீர்கள். 'எந்த டாஸ்க் எவ்வளவு முடிந்தது' என்பதற்கு வேறு இடம் இருக்கிறது. ஸ்டேட்டஸ் கேட்கத் தொடங்கினால் அரை மணி நேரமும் அதிலேயே கரைந்துவிடும்; இருவருக்கும் அது வசதியும்கூட, கஷ்டமானதைப் பேச வேண்டாம் அல்லவா!

படி 3: நான்கு இடங்களைத் தொட்டுப் பேசுங்கள்

விட்மோரும் கிரஹாம் அலெக்சாண்டர், ஆலன் ஃபைன் ஆகியோரும் சேர்ந்து உருவாக்கிய 'குரோ' (GROW) என்ற முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் இது. தமிழில் சொன்னால் இலக்கு, நிலவரம், வழிகள், தீர்மானம். படிக்கும்போது இது ரொம்ப சாதாரணமாகத் தெரியும். நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று ஓர் உரையாடலில் பார்க்கலாம்.

லீடர்: "இன்னைக்கு எதைப் பத்திப் பேசலாம்?"

அவர்: "மாச ரிப்போர்ட் மறுபடியும் லேட் ஆயிடுச்சு. என்ன பண்றதுன்னே தெரியல."

லீடர்: "நாம பேசி முடிக்கும்போது உங்க கையில என்ன இருந்தா நல்லா இருக்கும்?"

அவர்: "அடுத்த மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள அனுப்பறதுக்கு ஒரு வழி."

லீடர்: "சரி. இந்த மாசம் ஒண்ணாந்தேதியில இருந்து என்னென்ன நடந்துச்சுன்னு சொல்லுங்களேன்."

அவர்: "ஒண்ணாந்தேதி எல்லார்கிட்டயும் விவரம் கேட்டு மெயில் போட்டேன். மூணாந்தேதி வரைக்கும் ரெண்டு பேர்தான் அனுப்பியிருந்தாங்க. மத்தவங்களை மறுபடி கேக்க... கொஞ்சம் தயக்கமா இருந்துச்சு. எல்லாரும் சீனியர்."

லீடர் எதுவும் பேசவில்லை.

அவர்: "உண்மையைச் சொன்னா, எழுதறதுக்கு எனக்கு ஒரு நாள் போதும். கேக்கறதுலதான் நாலு நாள் போகுது."

லீடர்: "என்னென்ன வழி இருக்கு?"

அவர்: "இருபத்தஞ்சாம் தேதியே கேட்டுடலாம். இல்லன்னா அவங்களே நேரா நிரப்பற மாதிரி ஒரு ஷீட் போட்டுடலாம்."

லீடர்: "வேற?"

அவர்: "வராத இடத்துல 'விவரம் வரவில்லை'ன்னு போட்டு, ரிப்போர்ட்டை நேரத்துக்கு அனுப்பிடலாம். அப்படிப் பண்ணலாமா?"

லீடர்: "பண்ணினா என்ன ஆகும்?"

அவர்: "முதல் தடவை கோபப்படுவாங்க. அடுத்த மாசம் கரெக்டா அனுப்பிடுவாங்க."

லீடர்: "எதை எடுக்கறீங்க?"

அவர்: "ஷீட் போடறேன். அதுக்கும் அசையலன்னா 'வரவில்லை'ன்னு போட்டு அனுப்பறேன்."

லீடர்: "அனுப்புங்க. யாராவது கேட்டா என்கிட்ட வரச் சொல்லுங்க."

அவர் சொன்ன முதல் வரியிலேயே லீடர் பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "கொஞ்சம் முன்னாடியே எழுத ஆரம்பிங்க" என்றிருப்பார். சிக்கல் எழுதுவதில் இல்லவே இல்லை. பெரியவர்களிடம் இரண்டாம் முறை கேட்பதில் இருந்த தயக்கத்தில் இருந்தது. நிலவரத்தைத் தேதி வாரியாகக் கேட்டதால்தான் அது வெளியே வந்தது. நான்கில் லீடர்கள் பறந்து கடக்கும் இடமும் இதுதான். உங்கள் அரை மணியில் பாதியை நிலவரத்துக்கே கொடுங்கள்.

கடைசி வரியையும் கவனியுங்கள். அது கேள்வி இல்லை. வெளியிலிருந்து வரும் கோச்சுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கையில் அதிகாரம் இருப்பது. யோசிப்பது அவர் வேலை. அந்த யோசனை அடி வாங்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

படி 4: கேள்வியின் சொற்களைச் சரிசெய்யுங்கள், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள்

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்பது இலக்கணப்படி கேள்வி, காதில் விழுவது குற்றச்சாட்டு. பதிலாகக் காரணமும் சமாதானமும்தான் வரும். "எதை வெச்சு அந்த முடிவுக்கு வந்தீங்க?" என்று மாற்றிப் பாருங்கள். கேட்பது அதே விஷயம்தான், வரும் பதில் வேறு. 'ஏன்' என்பதை 'என்ன', 'எப்படி', 'எப்போது' ஆகியவற்றால் மாற்றுவது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இன்னொரு வகை மோசடி, கேள்வி வேடம் போட்ட அறிவுரை. "நீங்க ஏன் அவர்கிட்ட நேரா பேசிப் பாக்கக் கூடாது?" இதில் கேள்விக்குறியைத் தவிர எதுவும் கேள்வி இல்லை. அறிவுரை சொல்லியே ஆக வேண்டும் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்: "எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா? ஒத்து வரலன்னா விட்டுடுங்க." இது எவ்வளவோ நேர்மை.

அடுத்தது மௌனம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன; 'தெரியாது' என்பது குறைந்தது; அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அலுவலகம் வகுப்பறை இல்லைதான், ஆனாலும் மூன்று விநாடி பரிசோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மேலே உள்ள உரையாடலில் உண்மை வந்து விழுந்தது ஒரு கேள்விக்குப் பின் அல்ல, லீடர் பேசாமல் இருந்த இடத்தில்.

படி 5: அறையை விட்டு வெளியேறும்போது குரங்கு யார் தோளில் இருக்கிறது?

1974இல் வில்லியம் ஆங்கனும் டொனால்டு வாஸும் ஒரு நிர்வாகக் கட்டுரையில் சொன்ன உவமை இது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற பொறுப்புதான் குரங்கு. ஒருவர் சிக்கலோடு வருகிறார், குரங்கு அவர் தோளில் இருக்கிறது. "சரி, நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்று நீங்கள் சொன்ன அந்தக் கணம் அது உங்கள் தோளுக்குத் தாவிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து அவர் வந்து "அது என்ன ஆச்சு?" என்று உங்களை விசாரிப்பார். யார் யாருக்கு மேலதிகாரி என்பதே மாறிவிட்டது!

சந்திப்பின் கடைசி மூன்று நிமிடத்தை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அடி என்ன, யார், எப்போது? மூன்றையும் அவர் வாயால் சொல்லி, அவரே எழுதட்டும். நீங்கள் எழுதினால் அது உங்கள் பட்டியல் ஆகிவிடும்.

படி 6: 'செய்கிறேன்' என்பதை 'அது நடந்தால் இதைச் செய்வேன்' என்று மாற்றுங்கள்

நல்ல எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு எளிமையான ஒரு வழியைச் சொல்கிறது: சூழலையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவது. "மீட்டிங்ல இனிமே தைரியமா பேசறேன்" என்பது எண்ணம். "என் மாட்யூல் பத்திப் பேச்சு வந்தா, முதல்ல நான் ஒரு வரி சொல்லிடுவேன்" என்பது முடிச்சு. அந்தச் சூழல் வரும்போது யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கூடவே ஒரு கேள்வி: "ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும், இதைச் செய்வீங்கன்னு எவ்வளவு நம்பிக்கை இருக்கு?" ஐந்து, ஆறு என்று சொன்னால் திட்டினால் உயராது. வேலையைச் சின்னதாக்குங்கள், அல்லது தடுப்பது எது என்று கேளுங்கள். எட்டுக்குக் கீழே இருப்பதைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவதே நல்லது. செய்யாத வாக்குறுதிகள் சேரச் சேர உங்கள் சந்திப்பே நாடகமாகிவிடும்.

படி 7: ஃபீட்பேக் ஆளைத் தொடாமல் வேலையைத் தொடட்டும்

ஆய்வாளர்கள் அவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் 1996இல் ஃபீட்பேக் பற்றிய பழைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, 600க்கும் மேற்பட்ட முடிவுகளைக் கணக்கிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் ஃபீட்பேக் பலன் தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்ட ஆள்' என்ற இடத்துக்கு நகர நகரப் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பாராட்டுக்கும் இது பொருந்தும். "நீங்க ஒரு ஜீனியஸ்" என்பதைக் கேட்டு மகிழலாம். திரும்பச் செய்ய முடியாது.

அமெரிக்காவில் தலைமைப் பயிற்சி அளிக்கும் படைப்பாக்கத் தலைமை மையம் உருவாக்கிய சூழல், நடத்தை, விளைவு என்ற வரிசை இதற்கு உதவும். "நீங்க மத்தவங்களை மதிக்கறதில்ல" என்பதற்குப் பதிலாக: "நேத்து ரிவ்யூ மீட்டிங்ல, அவங்க டிசைனை விளக்கிட்டு இருக்கும்போது நீங்க மூணு தடவை நடுவுல பேசினீங்க. அதுக்கப்புறம் அவங்க மீதி ரெண்டு பாயின்ட்டைச் சொல்லவே இல்ல. அதுல ஒண்ணு நமக்குத் தேவையா இருந்துச்சு." நிறுத்துங்கள். பிறகு, "அப்போ உங்க மனசுல என்ன ஓடிட்டு இருந்துச்சு?" என்று கேளுங்கள். மதிக்காததுதான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். நேரம் முடிகிறதே என்ற பதற்றமாக இருக்கும்.

பாராட்டு, குறை, பாராட்டு என்று சாண்ட்விச் செய்து கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். நடுவில் இருப்பது காதில் விழாது, அல்லது இனி நீங்கள் பாராட்டத் தொடங்கினாலே 'அடுத்து என்ன வரப்போகுதோ' என்று வயிற்றைப் பிசையும்.

படி 8: கெட்ட செய்திக்கு உங்கள் முதல் வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்

1990களில் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. தரவு தலைகீழாக வந்தது: நன்றாக இயங்கிய குழுக்களில் பதிவான தவறுகள் அதிகம். அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள். உளவியல் பாதுகாப்பு (தவறைப் பயமில்லாமல் சொல்லலாம் என்ற நம்பிக்கை) என்று இன்று எல்லோரும் பேசும் விஷயம் அந்த ஆச்சரியத்திலிருந்து வளர்ந்தது.

யாராவது "தப்பு பண்ணிட்டேன்" என்று வரும்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை டீம் மாதக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும். அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது, ஆகவே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "உடனே சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப நிலவரம் என்ன?" முகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒன்-ஆன்-ஒன்னில் மனம் விட்டுச் சொன்னதை எடுத்து அப்ரைசலில் குறையாக எழுதாதீர்கள். ஒருமுறை செய்தால் போதும், அடுத்த சந்திப்பிலிருந்து உங்களுக்கு வானிலை அறிக்கைதான் கிடைக்கும். அதே நேரம் பொய் வாக்குறுதியும் வேண்டாம். துன்புறுத்தல், மோசடி, யாருடைய பாதுகாப்புக்காவது ஆபத்து போன்றவை காதுக்கு வந்தால் உங்களால் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. "சில விஷயங்களை நான் மேல சொல்லியே ஆகணும்" என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 9: நகரவில்லை என்றால் ஆளை மட்டும் பார்க்காதீர்கள்

ஒரே விஷயம் மூன்று சந்திப்புகளாக அப்படியே இருக்கிறது என்றால் நான்காவது முறையும் அதே கேள்விகளைக் கேட்பதில் பயனில்லை. அவருக்கு அந்த வேலை உண்மையிலேயே தெரியவில்லையா? அப்படியானால் வேண்டியது கோச்சிங் இல்லை, பயிற்சி. தெரிந்தும் செய்யவில்லையா? செய்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது, செய்யாவிட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வேகமாக முடிப்பவருக்கே மீதி வேலையையும் தள்ளும் டீமில் மெதுவாகச் செய்வது சோம்பல் அல்ல, புத்திசாலித்தனம். கருவியோ அனுமதியோ வேறொரு துறையின் பதிலோ தடையாக இருந்தால், அது உங்கள் பட்டியலில் ஏற வேண்டிய குரங்கு. அதை மட்டும் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சிக்கலோ மன அழுத்தமோ காரணம் என்று தெரிந்தால், கேளுங்கள், வேலையில் எதைத் தளர்த்த முடியும் என்று பேசுங்கள், தகுந்த ஆலோசகரிடம் போக வழிகாட்டுங்கள். அதற்குமேல் உள்ளே போக நமக்குத் தகுதியில்லை.

தரம் போதவில்லை, வேலையே ஆபத்தில் இருக்கிறது என்ற நிலை வந்துவிட்டால் அதைக் கோச்சிங் என்ற பெயரில் பூசி மெழுகாதீர்கள். எது போதவில்லை, எந்தத் தேதிக்குள் எந்த அளவுக்கு வர வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். இனிப்பாகப் பேசிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசி நாளில் கடிதம் நீட்டுவதைப் போன்ற துரோகம் வேறில்லை.

படி 10: உங்களையே எண்ணிப் பாருங்கள்

நான் செய்வது இதுதான். சந்திப்பு முடிந்ததும் நோட்டில் மூன்று எண்கள் எழுதுகிறேன்: நான் கேட்ட உண்மையான கேள்விகள், நான் சொன்ன அறிவுரைகள், அரை மணியில் நான் பேசிய நிமிடங்கள் தோராயமாக. முதன்முதலில் எண்ணியபோது கேள்வி இரண்டு, அறிவுரை ஒன்பது. நல்ல கேட்பாளன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. நினைவு நமக்குச் சாதகமாகவே பேசும் என்பதால், மறைக்க ஒன்றுமில்லாத ஒரு சந்திப்பை எதிரில் இருப்பவரின் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பார்க்கலாம். கேட்க அவஸ்தையாக இருக்கும். அவர் வாக்கியத்தை நாம் முடித்து வைக்கும் இடங்கள் எல்லாம் துல்லியமாகத் தெரியும்.

பத்துப் படிகளையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் நான்காம் படியின் மௌனத்தை மட்டும், அதுவும் ஒரே ஒருவரிடம் முயலுங்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: "இனிமே உடனே பதில் சொல்லாம, முதல்ல உங்க யோசனையைக் கேக்கப் போறேன். பழகறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்." சொல்லாமல் திடீரென்று மௌனமானால், கோபமாக இருக்கிறீர்களோ என்று அவர் பயந்துவிடுவார். என் டீமில் ஒருவர் அப்படித்தான் பயந்து, என்ன தப்பு செய்தோம் என்று பக்கத்து மேசையில் விசாரித்துவிட்டு வந்தார்.